கற்பிட்டிக் களப்பிலே

“கற்பிட்டிக்குப் போனீர்களாமே, ஓங்கில் பார்த்தீர்களா?” சித்திரை விடுமுறை கழிந்து கல்லூரி தொடங்கிய நாள் முதலாக எம்மைக் காண்போர் கேட்கும் கேள்வி இது. இல்லை என்று விடை கூறினால் அவர்தம் முகம் வாடிவிடுகிறது. கற்பிட்டிக்குச் சென்று ஓங்கிற் கூட்டத்தைக் காணாது திரும்புதல், நல்லூர்த் திருவிழாவுக்குச் சென்று தேரைக் காணாது திரும்புதலை ஒக்கும் என்பது அவர்கள் கருத்துப் போலும். நாம் அங்கே கண்டது ஊர்க்குருவியளவே ஆன ஒரு பறவையையும், அதன் உடைந்த முட்டையொன்றையும். அம்முட்டையை உடைத்தவர்களும் நாமே.

எம்மிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் கற்பிட்டியிலே உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியொன்றிற் பணியாற்றுகிறார். “ஒருமுறை வந்து பாருங்கள் சேர்” என்று ஈராண்டுகளாக அழைத்தபடி இருந்தார். விலங்கியல் கற்பிக்கும் நண்பரும், உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் எமது மகனும் உடன்வர, புதுவருடம் கழிந்த மூன்றாம் நாள் புறப்பட்டோம். விடுமுறைக் காலத்துப் புகையிரதத்தில் அநுராதபுரம் வரை நின்றபடியே சென்ற கதையை இங்கு விரித்தல் வேண்டாம். அங்கிருந்து பேருந்தில் புத்தளம். புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியிலே கொழும்பு வீதியை விட்டுத் திரும்பினால் கற்பிட்டி வீதி. நாவு நீட்டினாற்போல வடக்கு நோக்கி ஓடும் ஒடுங்கிய நிலம் அது. கிழக்கே களப்பு, மேற்கே பெருங்கடல். தென்னந்தோப்புகள், மணலிலே நீர் பாய்ச்சி வளர்க்கும் மரக்கறித் தோட்டங்கள், காற்றாலைகளின் வரிசை, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, தலவில அன்னம்மாள் ஆலயத்துக்குச் செல்லும் கிளைவீதி ஆகியவற்றையெல்லாம் கடந்து நாவின் நுனியை அடைந்தபோது மாலையாகிவிட்டது.

கற்பிட்டி நமது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஊர். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது இங்கேதான். பெயரைச் சொன்னதும் எத்தனை மாணவர் கைதூக்குவர் என்று வகுப்பிலே சோதித்துப் பார்த்தோம். விடையை வெளியிட மனம் ஒப்பவில்லை. 1344இல் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா கரையிறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இடம் புத்தளமே என்பர் வரலாற்றாசிரியர். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை களப்பின் ஓரத்திலே இன்றும் நிற்கிறது. இத்தனை பேரும் வந்ததற்கும் போனதற்கும் காரணம் அந்தக் களப்புத்தான்.

புத்தளம் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. பரப்புப் பெரிதாயினும் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் ஆள் இறங்கி நிற்கலாம். வெயில் அடிமட்டம் வரை இறங்குவதால் அங்கே கடற்புல் தழைத்து வளர்கிறது. மேலிருந்து நோக்கினால் நீருக்கடியில் வயல்வெளி கிடப்பதுபோலத் தோன்றும். அப்புல்லை மேயும் பேராமையும், ஆவுளியா என்று நம் கடலோரத்தார் கூறும் கடற்பசுவும் இக்கரையோரத்துக்கு உரியன. கரைகளிலே கண்டற் காடு. கிழக்கே கலா ஓயா வந்து கலக்குமிடத்தில் அக்காடு மிக அடர்ந்திருக்கிறது. இறால் வளர்ப்புக்காக 1980களிலும் 1990களிலும் வெட்டிய கண்டல்கள் எத்தனையோ; பின்னர் நோய்கண்டு கைவிடப்பட்ட இறாற் குளங்கள் இன்று வெறும் பள்ளங்களாய்க் கிடப்பதைப் பாலாவிக்கு அப்பால் வழியிலேயே கண்டோம்.

மறுநாட் காலை எமது பழைய மாணவர் எம்மைக் களப்பின் கரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் சில கயாக் ஓடங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கயாக் என்பது இருதலையும் கூரிய, ஒடுங்கிய சிற்றோடம். ஒருவரோ இருவரோ கால்களை நீட்டி அமர்ந்து, இரு நுனியிலும் அலகுள்ள ஒரே துடுப்பை இடமும் வலமுமாக மாறிமாறி இட்டு வலிப்பர். அரையடித் தண்ணீர் இருந்தாலே மிதக்கும். நம் மீனவரின் வள்ளம் நுழைய முடியாத இடுக்கெல்லாம் இது நுழையும். “எஞ்சின் இல்லை, புகையில்லை, சத்தமில்லை சேர். பறவைக்கும் மீனுக்கும் ஒரு தொந்தரவும் இல்லை” என்றார் வாடகைக்கு விடும் இளைஞர். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. நாமும் அவ்வாறே நம்பினோம். இயற்கையை நேசிப்பவனுக்கு ஏற்ற ஊர்தி இதுவே என்று மகனுக்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்தோம். ஆசிரியத் தொழிலிலே இருபதாண்டு கழித்தவனுக்குப் பிரசங்கத்தை அடக்குவது எளிதன்று.

உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, நாமும் மகனும் ஓர் ஓடத்திலும் நண்பர் தனித்து மற்றோர் ஓடத்திலுமாக இறங்கினோம். முதல் அரைமணி நேரம் ஓடம் எம் சொற்கேளாது வட்டமிட்டது. பின்னர் கை பழகிற்று. காற்றின்றி நீர் கண்ணாடி போலக் கிடந்தது. ஓடத்தின் கீழே கடற்புல் ஒருபக்கமாகச் சாய்ந்து அசைந்தது. இடையிடையே கடலட்டையும் நட்சத்திர மீனும். சிறிது தொலைவிலே பேராமை ஒன்று தலைநீட்டி மூச்செடுத்துவிட்டு அமிழ்ந்தது. மகன் ஆர்வத்தோடு கைகாட்ட, அது சென்ற திசையில் ஓடத்தைச் செலுத்தினோம். மறுபடி எழுந்தது, எம்மைக் கண்டதும் மூச்சை முடிக்காமலே மூழ்கிற்று. மூன்றாம் முறையும் தொடர்ந்தோம். அதன்பின் அதைக் காணவில்லை. அப்பொழுது அதனை ஒரு கண்ணாமூச்சி விளையாட்டாகவே எண்ணி மகிழ்ந்தோம்.

கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் சென்றிருப்போம். நீரின் மட்டத்துக்கு மேலே அரையாள் உயரமும் இல்லாத ஒரு மணற்றிட்டு தென்பட்டது. ஒரு மரமில்லை, செடியில்லை. கரையோரமாகச் சிறிது படர்கொடி மட்டுமே. அதன் ஓரமெங்கும் பறவைகள். வடதுருவத்தை அண்டிய சைபீரியச் சமவெளிக்குப் புறப்படவிருந்த உள்ளான்கள், மார்பிலே செங்கல் நிறம் ஏறத் தொடங்கிய நிலையில், சேற்றை ஓயாது குத்திக்கொண்டிருந்தன. ஆலாக்கள் ஒரே திசைக்கு முகம்வைத்து அமர்ந்திருந்தன.

துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டோம். ஓடம் ஓசையின்றித் தானே வழுக்கிச் சென்றது. ஐம்பது முழம், நாற்பது முழம், முப்பது முழம். எம் ஆயுளில் காட்டுப் பறவையை இத்துணை அண்மையில் கண்டதில்லை. மகன் கைப்பேசியை உயர்த்தினான். அந்த அசைவு ஒன்றே போதுமானதாயிற்று. திட்டு முழுவதும் ஒரே நொடியில் எழுந்தது. நூற்றுக்கணக்கான இறகுகள் ஒருங்கே அடிக்கும் ஓசை தலைக்குமேலே சென்றது. அழகிய காட்சிதான், மறுக்கவில்லை. மகன் நன்றாய்ப் படம் பிடித்தான். நண்பர் மட்டும் ஏனோ ஒன்றும் பேசாதிருந்தார்.

பறவைகள் போய்விட்டனவே, இனி இறங்கி இளைப்பாறலாம் என்று ஓடத்தை மணலில் இழுத்து ஏற்றினோம். அப்பொழுதுதான் அந்தச் சிறு பறவையைக் கண்டோம். மேலே மணலின் நிறம், கீழே வெண்மை, குச்சி போன்ற கால்கள். ஒரு சிறகு ஒடிந்ததுபோல மணலில் இழுபட, எமக்கு முன்னே தத்தித் தத்தி ஓடிற்று. மகன் இரக்கத்தோடு பின்தொடர்ந்தான். பிடிக்கப் போகும் தருணத்தில் எட்டு முழம் தள்ளிப் போய் விழுந்தது. மறுபடி சிறகை இழுத்தது. இந்நாடகத்தை அறிந்த நண்பர் “நில், நில்!” என்று கூவவும், களப்பின் பக்கமிருந்து வேறொரு குரல் அதனை மேவி எழவும் சரியாயிருந்தது.

“தம்பி! அசையாதீங்க! நிண்ட இடத்திலயே நில்லுங்க!”

நீண்ட கோலை ஊன்றித் தம் வள்ளத்தைச் செலுத்தி வந்தவர், வலை பார்க்கப் போன ஒரு முஸ்லிம் அன்பர். வள்ளத்தைத் திட்டில் ஏற்றாமல் எட்டவே நிறுத்திவிட்டுப் பேசினார். “காலடியப் பாத்துப் பாத்து, வந்த அடியிலேயே திரும்பி வாங்க சேர். முட்டை கிடக்கும்.”

மூவரும் எம் சுவடுகளிலேயே அடிவைத்து மீண்டோம். ஓடத்தைத் தள்ளியபோது, அது மணலில் இழுபட்ட தடத்தைப் பார்த்தோம். தடத்தின் ஓரமாகக் கையளவு பள்ளம். அதிலே மணல்நிறத்தில் கரும்புள்ளிகள் தெளித்த இரு முட்டைகள் முழுதாய்க் கிடந்தன. மூன்றாவது, ஓடத்தின் அடியில் நசுங்கி, அதன் கரு மணலிலே ஊறிக்கொண்டிருந்தது. கூடென்று சொல்ல அங்கே ஒரு துரும்பும் இல்லை. நாலைந்து சிப்பித் துண்டுகள், அவ்வளவே. ஏற்றும்போது அந்த இடத்தை நாம் பார்த்தோம் என்பதே கொடுமை. பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

மகன் குனிந்து அருகே செல்ல முயன்றான். “நிக்க நிக்க அது வராது தம்பி. வெயில் ஏறுது, காக்காயும் பாத்துக்கொண்டு நிக்குது” என்றார் அவர். உண்மைதான். எங்கிருந்தோ வந்த இரண்டு காகங்கள் திட்டின் மறுகோடியில் அமர்ந்திருந்தன. நாம் விரைந்து விலகினோம்.

அவரது வள்ளத்தைத் தொடர்ந்து கரைக்கு மீண்டோம். வெட்கத்தை மறைக்க ஏதாவது பேச வேண்டுமே என்று, “ஓசையில்லாத ஓடம், ஒன்றுக்கும் தீங்கில்லை என்றார்களே நானா” என்றோம். அவர் சிரித்தார்.

“சத்தமில்லாததுதான் சேர் சங்கடம். எஞ்சின் வள்ளம் வந்தா அரை மைல்லயே அதுகளுக்குத் தெரியும். எழும்பி நடந்து விலகிடும். உங்கட இது பாம்பு மாதிரி வருதே! கிட்ட வந்தப் பிறகுதான் காணுது. பிறகு உசிரக் கையில பிடிச்சுக்கொண்டு பறக்காம என்ன செய்யும்?”

எம்மோடொத்த வயதினர் அவர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். மன்னார்த் தீவிலிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது சிறுவராயிருந்தாராம். நாம் யாழ்ப்பாணத்தார் என்று அறிந்த பின்னும் முகம் மாறாது தம் வீட்டு முற்றத்தில் இருத்தித் தேநீர் தந்தார். அதனைக் குறிப்பிடாது விடுதல் முறையன்று.

அன்றிரவு விடுதித் திண்ணையில் நண்பர் சொன்னவை எமது பிரசங்கத்தை முற்றாகக் கவிழ்த்துவிட்டன. கயாக் என்னும் ஓடம் பிறந்ததே வேட்டைக்காகத்தான். கிறீன்லாந்து முதலான வடதுருவப் பகுதிகளில் வாழும் இனுயிற் மக்கள் மரச் சட்டத்தின் மீது கடல்நாய்த் தோலைப் போர்த்து அதனைச் செய்தனர். தாழ்வாக மிதந்து, ஓசையின்றி ஊர்ந்து, கடல்நாய் அறியாமல் ஈட்டி எறியும் தூரத்தை அடைவதே அதன் நோக்கம். ஓடத்தின் முன்னே வெண்டுணித் திரை கட்டிப் பனிக்கட்டி மிதந்து வருவதுபோலக் காட்டும் வழக்கமும் இருந்தது. பல்லாயிரம் முறை வேட்டையாடிச் செதுக்கிச் செதுக்கி அமைத்த கருவி அது. ஈட்டியை எடுத்துவிட்டு அதிலே விடுமுறைக்காரனை ஏற்றினோம். ஆனால் நீரிலுள்ள உயிருக்கு ஈட்டி இல்லாதது எவ்வாறு தெரியும்? தாழ்ந்து, ஓசையின்றி, தன்னையே நோக்கி நேராக வரும் நீண்ட உருவம் அதன் கண்ணுக்கு வேட்டைவிலங்குதான். பாம்பு என்று நானா சொன்னதும் அதுவே. இயந்திரப் படகைக் காட்டிலும் துடுப்போடத்துக்குப் பறவைகளும் கடல்நாய்களும் மிகுதியாய்க் கலைவதுண்டு என்று பிறநாட்டு ஆய்வாளரும் கண்டிருக்கிறார்களாம். இயந்திரப் படகு ஆழ்ந்த வாய்க்கால் வழியே வந்தது போலப் போய்விடும். துடுப்போடமோ ஆழமற்ற கரையோரத்தையே பற்றிச் சென்று, அங்கேயே தங்கி நிற்கும். உயிர்கள் ஒதுங்குவதும் அக்கரையோரத்தில்தான்.

இதைக் கேட்டு இயந்திரப் படகே மேல் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். எண்ணெயும் சுழலியும் செய்யும் கேடு வேறு. ஓசையில்லை என்பதனால் தீங்குமில்லை என்று நாம் எண்ணியதே பிழை.

அந்தச் சிறு பறவையைப் பற்றியும் கேட்டோம். உப்புக்கொத்தி வகையைச் சேர்ந்தது. 1915இலேயே அதற்கு அறிவியற் பெயர் ஒன்று இடப்பட்டதாயினும், வேறோர் உப்புக்கொத்தியின் கிளையென்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. தனியினம் என ஆய்வாளர் நிறுவியது 2023இலேதான். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் முட்டையிடும் அதற்கு, இரு நாட்டையும் இணைக்கும் சேதுவை நினைந்து ‘அனுமன் உப்புக்கொத்தி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இராமாயணம் படித்த எமக்கு இது பெருமகிழ்ச்சியைத் தந்திருக்கும். அன்று காலை நடந்தது நடவாதிருந்தால்.

“முட்டை உடைந்தது ஒன்றுதான். ஆனால் மற்ற இரண்டும்?” என்றான் மகன்.

நண்பர் உடனே விடை சொல்லவில்லை. குளிர்நாட்டிலே பறவை அடைகாப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க. நம் மணற்றிட்டிலே உச்சிவெயிலில் அது அமர்ந்திருப்பது பெரும்பாலும் நிழல் கொடுக்க. உப்புக்கொத்திகள் வயிற்றிறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் அமர்வதும் உண்டாம். அவை எழுந்து பறந்தால் வெந்தணலில் இட்டதுபோல முட்டைகள் மணலிற் கிடக்கும். வெயில் கெடுக்காவிட்டாலும் காகம் இருக்கிறது. சிறகொடிந்த நாடகத்தைத் தாய் ஆடும் ஒவ்வொரு நிமிடமும் இந்த இரண்டுக்குமிடையே முட்டை தனித்துக் கிடக்கிறது. நாம் கரையிலே நின்று சிரித்த நேரம் எவ்வளவு என்று மகன் தன் கைப்பேசியில் இருந்த படங்களின் நேரத்தைக் கொண்டு கணக்கிட்டான். பதினொரு நிமிடம்.

உள்ளான்களின் கணக்கு வேறு. வெளிநாட்டுப் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவதுபோல அவை சித்திரையிலே உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. வற்றும் நேரத்தில் மட்டுமே சேறு வெளிப்படும். அந்நேரத்தில் ஒருமுறை கலைத்தால் உண்ணும் பொழுதும் போயிற்று, சேர்த்த கொழுப்பிலும் சிறிது பறப்பதிற் செலவாயிற்று. ஒருநாளில் ஓர் ஓடம் என்றால் தாங்கும். விடுமுறை நாளில் பத்து ஓடம் வந்தால்? பேராமையின் கணக்கையும் நாம் கேட்கவில்லை, எமக்கே விளங்கிற்று. முடிக்காமல் விட்ட மூச்சு அது.

பேச்சு ஓங்கிலின் பக்கம் திரும்பிற்று. கற்பிட்டிக்கு வெளியே ஆழ்கடலில் கார்த்திகை முதல் சித்திரை வரை தோன்றும் ஓங்கில், துள்ளியெழுந்து உடலைச் சுழற்றும் இனம். அவ்வினம் இரவிலே இரைதேடிப் பகலிலே ஓய்வது. ஹவாய்த் தீவுகளில் அவை ஓய்வெடுக்கும் குடாக்களுக்குள் படகும் கயாக்கும் நீந்துவோரும் புகுந்து துயில் கெடுத்தமையால், 2021இலே அமெரிக்க அரசு விதியொன்று செய்தது. அத்தீவுகளின் கரையோரக் கடலில் எவரும், எவ்வகை ஓடமும், அவற்றுக்கு 50 யாருக்குள் நெருங்கலாகாது. துடுப்பென்றும் இயந்திரமென்றும் விதி வேறுபாடு காட்டவில்லை. நம் நாட்டிலும் கடல்வாழ் முலையூட்டிகளைப் பார்வையிடுவதற்கு 2012 முதல் ஒழுங்குவிதிகள் உண்டு. விதி தாளில் இருக்கிறது. ஓங்கில் எழுந்த இடத்துக்கு நாலா பக்கமிருந்தும் படகுகள் விரைவதைத் தாம் கண்டதாக நானா கூறியிருந்தார். மூன்றாம் நாள் கடலுக்குப் போவதாக இருந்த எமது திட்டத்தை மகன்தான் வேண்டாம் என்றான். அவன் பெரிதாகக் காரணம் சொல்லவில்லை. அன்றைய முட்டையே போதும் என்றான்.

ஆயினும் களப்புக்கு மறுபடி போகவேண்டும் என்றும் அவனே கேட்டான். அதிகாலையில் நானாவின் வீட்டுக்குச் சென்றோம். அவர் தம் வலையைக் காட்டினார். “உங்கள மட்டும் குறை சொல்லிக்கொண்டு இருக்கேலாது சேர். இந்த நைலோன் வலையில ஆமை படும். ஆவுளியா பட்டதையும் கண்டிருக்கன். மூச்செடுக்க ஏலாம உள்ளுக்கயே செத்துப்போகும்.” ஆவுளியா பல ஆண்டுக்கொருமுறை ஒரே கன்றை ஈனும் பிராணி. அதனைக் கொல்லலாகாது என்ற சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்தும், இன்று அதனைக் காண்பதே அரிதாகிவிட்டது. பாக்கு நீரிணையின் அக்கரையில் தமிழ்நாட்டு அரசு 2022இலே 448 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பை அதற்கெனவே ஒதுக்கியிருக்கிறது. வலையின் தீங்கோடு ஒப்பிட்டால் எமது ஓடத்தின் தீங்கு கடுகளவே. ஆனால் அவர் வலை வீசுவது வயிற்றுக்காக. நாம் துடுப்புப் போட்டது பொழுதுபோக்குக்காக. இந்த வேறுபாட்டை அவர் சொல்லவில்லை. சொல்லாதது அவரது பெருந்தன்மை.

அன்று அவர் முன்னே சென்றார். நாம் அவர் வள்ளத்தின் பின்னே. கடற்புல்லின் மேலே குறுக்கறுக்காது ஆழ்ந்த வாய்க்காலையே பற்றிச் சென்றோம். திட்டு கண்ணுக்குப் பட்டதும், ஓடத்தின் மூக்கை அதற்கு நேரே பிடியாது, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டிலே போகச் சொன்னார். மெல்லப் பேசிக்கொண்டே வரும்படியும் சொன்னார். முதல்நாள் மூச்சையும் அடக்கிச் சென்ற எமக்கு இது வியப்பாயிருந்தது. “இருக்கிறம் எண்டு சொல்லிக்கொண்டு போறது. ஒளிச்சு வாறவனுக்குத்தானே பயம்” என்றார். எனவே நண்பர் தம் மாணவப் பருவத்துக் கதையொன்றைத் தொடங்கினார். சற்று நீண்ட கதை. பறவைகள் கேட்டுச் சலித்திருக்கும்.

உள்ளான்கள் குத்துவதை நிறுத்தவில்லை. சற்று அண்மித்தோம். ஓர் ஆலா தலையை நிமிர்த்திப் பார்த்தது. அதன் அருகே மற்றொன்று. நண்பர் கையை உயர்த்தினார். தலை நிமிர்ந்தால் அதுவே எல்லை. பறக்கும்வரை பொறுத்திருந்தால் பிந்திவிட்டது என்று பொருளாம். துடுப்பைப் பின்னோக்கி இட்டு விலகினோம். நிமிர்ந்த தலைகள் தாழ்ந்தன. திட்டை வளைத்துக்கொள்ளாமல் ஒரே பக்கத்திலே, மறுபுறம் அவற்றுக்கு வழிவிட்டு நின்றோம். நூறு யாருக்கு மேலிருக்கும். கைப்பேசிப் படத்தில் அவை வெறும் புள்ளிகள். மகன் இரண்டு எடுத்துவிட்டுப் பையினுள் வைத்துவிட்டான்.

நண்பர் தூரக்கண்ணாடியைத் தந்தார். நேற்று எமது ஓடம் ஏறிய இடம் இன்னும் தெரிந்தது. காற்று தடத்தை முற்றாக மூடவில்லை. அதன் ஓரமாக, மணலோடு மணலாக, ஒரு சிறு உருவம் அமர்ந்திருந்தது. நெடுநேரம் பார்த்தோம், அசையவில்லை. ஒருமுறை எழுந்து, உடலைத் திருப்பி, மறுபடி அமர்ந்தது. அதே பறவையா, அடியிலே இரண்டு முட்டையும் இருந்தனவா என்று அத்தொலைவிலிருந்து தெரியவில்லை. மகன் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் உற்று நோக்கினான்.

“கொஞ்சம் கிட்டப் போனால் தெரியும் அப்பா” என்றான். பின்னர் தானே துடுப்பை எடுத்து ஓடத்தைக் கரைப்பக்கம் திருப்பினான்.